அச்சுத் தரம்

ஜூன் 4, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். டிரம்களை நிரப்பிவிட்டுத்தான் மன்றத்துக்குக் கிளம்பினேன். விஜயாவுக்கு இடுப்பு வலி, குனிய முடியவில்லை.

கூட்டத்தில் திருமூர்த்தி எழுந்து, ஆகஸ்டில் பெங்களூரில் நடக்கும் வேடத் திருவிழாவின் குழுப் போட்டிக்கு நாம் போக வேண்டும் என்றான். கைதட்டினார்கள். தளபதி உதிரனின் ஈட்டியைத் தானே செய்யப்போவதாகவும், அதுவும் அச்சுத் தரத்தில் செய்யப்போவதாகவும் சொன்னான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

'கந்தகக் கோட்டை' என்ற படக்கதை எண்பதுகளில் ஒரு வார இதழில் தொடராக வந்தது. அதைப் படித்து வளர்ந்தவர்கள் அந்தக் கோட்டையின் தளபதி உதிரனையும் காவலர்களையும் போல உடுத்திக்கொண்டு பள்ளி விழா, மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு, புத்தகக் கண்காட்சி என்று போய் நிற்பதற்காக நானும் மூர்த்தியும் இந்தக் கோயம்புத்தூரில் தொடங்கிய மன்றம் இது. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஏன் எழுதிவைக்கிறேன் என்றால், தொடங்கியவர் யார் என்று கேட்டால் இப்போதெல்லாம் மூர்த்தியின் பெயரை மட்டும் சொல்கிறார்கள்.

ஆயுதங்களுக்கான தர விதிகள் என்னுடையவை. தூரத்தில் நின்று பார்த்தால் சரியாக இருப்பது மேடைத் தரம். கைக்கெட்டும் தூரத்தில் சரியாக இருப்பது அருகுத் தரம். வார இதழின் முதல் அச்சில் உள்ள ஒவ்வொரு கோட்டோடும் ஒத்துப்போவது அச்சுத் தரம். எந்தத் தரமானாலும் கூர் இருக்கக் கூடாது, உலோகம் இருக்கக் கூடாது, உள்ளங்கையில் அழுத்தினால் நுனி வளைய வேண்டும். சரியென்று பட்டால் என் கையால் நீல ரிப்பன் கட்டுவேன். நான் ரிப்பன் கட்டிய ஆயுதம் எந்த ஊருக்குப் போயும் தவறென்று திரும்பியதில்லை. இந்த ஊரில் எனக்கு இருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

ஜூன் 9, வெள்ளி

குழாய் வாஷர் மாற்றினேன்.

மூர்த்தியைப் பற்றி ஒழுங்காக ஒரு முறை எழுதிவைத்துவிட வேண்டும். போன வருடப் பொதுக்கூட்டத்தில், புது ஆட்கள் ஏன் சேர்வதில்லை என்ற பேச்சு வந்தபோது, "நம்ம ஸ்கேல் வாத்தியார் அளந்து அளந்தே ஆளுகளத் தொரத்தீர்றாரு" என்றான். சிரித்தார்கள். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னான். அதன் பிறகு எனக்கு ஸ்கேல் வாத்தியார் என்றே பெயராகிவிட்டது. தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொல்வான் என்று இருந்தேன். ஹேமலதாவின் பெயரைச் சொன்னான். தையல் கடை நடத்துகிறாள், ஆளுகளை அரவணைத்துப் போவாள் என்றான்.

இன்னும் முன்னால் ஒன்று உண்டு. நான் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்த கல்லூரியை மூடியபோது அவன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய பம்பு கம்பெனியில் எனக்கு ஒரு மேசை போட்டுத் தருவதாகச் சொன்னான். "வேலைன்னு ஒண்ணும் பெருசா இருக்காது சபா, சும்மா வந்து உக்காரு." விஜயா காபி டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. நான் போகவில்லை. வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையை வீட்டில் இருந்தே செய்கிறேன். அதற்காகப் பெருமைப்படுகிறேன் என்று விஜயாவிடம் சொன்னால் அவள் டம்ளர் கழுவப் போய்விடுகிறாள்.

ஜூன் 18, ஞாயிறு

மூர்த்தி வந்தான். வாழைக்காய் சிப்ஸ் வாங்கி வந்திருந்தான், விஜயாவுக்குப் பிடிக்கும் என்று. அவளிடம் இடுப்பு வலிக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று அரை மணி பேசினான். பிறகு என்னிடம், உதிரனின் ஈட்டியை வரைந்துகொள்ள வார இதழ் தொகுப்பு வேண்டும் என்று கேட்டான். நான் பள்ளி நாட்களில் வெட்டி எடுத்துத் தைத்து வைத்த தொகுப்பு. மாவட்டத்தில் வேறு யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன்.

"அய்யோ," என்றான். "அத நீ கொழந்த மாதிரி வெச்சிருந்தியே சபா." உண்மையாகவே வருத்தப்பட்டான். பரவாயில்லை, சமீபத்தில் வந்த மறுபதிப்பு தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தொகுப்பு அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது. விஜயா அவன் போன பிறகு அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிப்ஸை டப்பாவில் கொட்டினாள்.

ஜூன் 22, வியாழன்

மறுபதிப்பை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

உதிரன் ஈட்டியோடு கோட்டை வாசலில் நிற்கும் முழுப்பக்கப் படம்தான் எல்லோரும் பார்த்து வரைவது. ஈட்டி அவ்வளவு பெரிதாக வேறெங்கும் வராது. மறுபதிப்பில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நிற்கட்டும் என்று அந்தப் பக்கத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். படத்துக்குள் இருந்த பேச்சைப் புதிதாக எழுதி ஒட்டியதால் யாருக்கும் தெரியாது. ஆனால் உதிரன் இடது கைக்காரன். மறுபதிப்பில் வலது கையில் பிடித்திருக்கிறான்.

இதில் ஈட்டிக்கு என்ன என்றால், அதன் தண்டில் ஒரு செம்பு நிறப் பட்டை சுற்றிச் சுற்றி மேலே ஏறும். முதல் அச்சில் அது இடம்புரியாக ஏறுகிறது. மறுபதிப்பில் வலம்புரி. கை மாறியதை வேடம் போடுபவன் நின்று சரிசெய்துகொள்ளலாம். புரியை மாற்ற முடியாது. ஈட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும், தலைகீழாகப் பிடித்தாலும், வலம்புரி வலம்புரிதான். மூர்த்தி வாழ்நாள் முழுக்க பம்பு போல்ட்டுகளோடு கழித்தவன். எல்லாம் வலப்பக்கம் முறுக்குபவை. அவன் கைக்கு இது தவறாகவே படாது.

உளுந்து இரண்டு கிலோ. கொசுவலைக்கு அளவு எடுக்க வேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

ஹேமலதாவின் கடைக்குப் போனேன். பெங்களூருக்கான உடைகளை அவளே தைக்கிறாள். தோள் கவசத்துக்கு மடிப்பு எப்படி வரும் என்று கேட்டாள், சொன்னேன். கடையை ஐந்து மணிக்கே மூடிவிட்டு இதை உட்கார்ந்து தைப்பதாகவும், கல்யாண சீசனில் வந்த ஜாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். "நம்ம ஊருக்கு ஒரு பேரு வரட்டுமுங்க சார்."

நல்ல தையல்காரி. மடிப்பைச் சரியாகவே பிடித்திருந்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

மழை. கொசுவலை தைத்து மாட்டினேன். ஒரு ஓரம் இழுக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

சரிபார்ப்பு நாள்.

எங்கள் வழக்கம் இது: ஆயுதங்களை டேபிள் டென்னிஸ் மேசையில் கறுப்புத் துணி விரித்து வைப்பார்கள். செய்தவர்கள் வெளியே போய்விட வேண்டும். நான் தனியாகப் பார்ப்பேன். பார்த்து முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது, என்னோடு பேசக் கூடாது. யாருடையது என்று எனக்குத் தெரியாத மாதிரி ஒரு ஏற்பாடு. எல்லாம் எனக்குத் தெரியும். செதுக்கிய விதத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு கேடயத்தை அருகுத் தரத்துக்கு இறக்கினேன். ஒரு குறுவாளின் நுனி வளையவில்லை, திருப்பி அனுப்பினேன். கடைசியில் ஈட்டி. பிவிசி பைப், ஃபோம் ஷீட், ரெக்சின் பட்டை. பார்த்தால் நூறு வருடம் மழையில் நின்ற மரமும் செம்பும் போல இருந்தது. அவன் கை அப்படி. பட்டை வலம்புரி.

அப்போது மூர்த்தி கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டான். விதியை அவன்தான் மீறினான், நான் அல்ல.

"சபா, எதாச்சும் இருந்தாச் சொல்லீரு. இன்னும் நாள் கெடக்குது, இப்பவே பிரிச்சு மாத்தீரலாம்."

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"நெஜமாத்தான?"

"அச்சுத் தரம்," என்றேன். ரிப்பனைக் கட்டினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையெல்லாம் பசை காய்ந்து சொரசொரப்பாக இருந்தது.

இங்கே நான் அதைத் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? ஒரு வாரத்தில் வேறு பட்டை சுற்றிக் கொண்டுவருவான். ஸ்கேல் வாத்தியார் பழி வாங்குகிறார் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். பெங்களூரில், மேடையில், என்னை அறியாத ஒருவர் சொல்லட்டும். தவறு செய்தது அவன். நான் ஒரு ரிப்பன் கட்டினேன், அவ்வளவுதான்.

ஜூலை 19, புதன்

நன்றாகப் பசிக்கிறது. விஜயாவே கேட்டாள், என்ன இன்று மூன்றாவது தோசை என்று.

ஜூலை 30, ஞாயிறு

மூர்த்தி போன் செய்தான். வேனில் முன் சீட்டு எனக்காம். ஜன்னல் பக்கம் இல்லாவிட்டால் எனக்குக் குமட்டும் என்பதை நினைவு வைத்திருக்கிறான். முழங்கால் வலி, வர முடியாது என்றேன். நீ இல்லாம எப்படிடா, என்றான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பட்டையைப் பிரித்துச் சுற்ற ஒரு நாள் போதும் என்பது எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன். "ஈட்டிய உறை போட்டு எடுத்துட்டுப் போ, பெயின்ட் உரிஞ்சிரும்," என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். முழங்கால் வலிக்கு விஜயா தைலம் தேய்த்துவிட்டாள். வலது காலா இடது காலா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12, சனி

வேன் விடியற்காலையில் போயிருக்கும். அலமாரியில் இருந்து தொகுப்பை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம்புரி. சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஹேமலதா போன் செய்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

இவர்கள் மேடையில் நின்றதும் அரங்கமே எழுந்து நின்றதாம். நடுவர்களில் ஒருவர் சென்னைக்காரர், வயதானவர், வார இதழின் முதல் அச்சைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். ஈட்டியை வாங்கிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். மைக்கில் சொல்லிவிட்டார். குழுப் போட்டியில் ஓர் ஆயுதம் விழுந்தால் குழுவே விழும். உடைகளை யாரும் பார்க்கக்கூட இல்லை.

"திருமூர்த்தி அண்ணன் மேடையிலயே மன்னிப்புக் கேட்டாருங்க சார். எல்லாத்துகிட்டயும். தப்பு என்னுதுன்னு." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்த நடுவர் ஒண்ணு கேட்டாரு. கோயமுத்தூருல சபாபதின்னு ஒருத்தர் இருக்காரே, அவரு பாக்கலையான்னு."

என்னை அறியாதவர் என்று நினைத்தேன். என் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

"நீங்க கட்டுன ரிப்பன் அதுல இருந்துச்சுங்க சார்," என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். வைத்துவிட்டாள்.

கோயமுத்தூரில் சபாபதி என்று ஒருவர் இருக்கிறாரே. சென்னையில் இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மூர்த்தி மேடையில் எப்படி நின்றிருப்பான் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைத்த அளவுக்கு அந்தக் காட்சி நன்றாக வரவில்லை. ஹேமலதா குறுக்கே வந்து நிற்கிறாள், தோள் கவசத்தோடு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கூட்டம். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

ஈட்டியை அதே மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். ஹேமலதா என்னைப் பார்க்காமல் பேசினாள். யாரையும் குற்றம் சொல்லக் கூட்டவில்லை, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக ஒன்றைக் கேட்டாக வேண்டும், சார் இதை எப்படி விட்டார் என்றாள். பின்னால் யாரோ, அவர் கண்ணுக்கு எறும்பு காலே தப்பாதே என்றார்கள். தெரிந்தே விட்டேனா என்ற இடத்தில் அவர்கள் வந்து நிற்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

மூர்த்தி எழுந்தான். இளைத்திருந்தான்.

"அவன எதுக்குங்க கேக்கறீங்க? செஞ்சவன் நான். நானே பாக்கல. அவனுக்கும் வயசாவுதில்ல, கண்ணுல பவர் ஏறியிருக்கும். அன்னிக்கு ஹால்ல வெளிச்சமும் பத்தல. பாக்காம விட்டுட்டான். இதோட விட்ருங்க."

அறை முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. தலையாட்டினார்கள். ஹேமலதா என்னை முதல் முறையாகப் பார்த்துச் சிரித்தாள், நோயாளியைப் பார்த்துச் சிரிப்பது போல. இனிமேல் சாருக்குத் துணையாக இன்னொருவரும் பார்க்கட்டும், சாருக்கும் சிரமம் குறையும் என்றாள். கண் நன்றாகத் தெரிகிற ஒருவர். அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அதுதான்.

நான் சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும். தலையைக் குனிந்து, ஆமாம், வயதாகிவிட்டது என்றிருந்தால் டீ வந்திருக்கும். மூர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பான், தோளில் கை போட்டு.

நான் எழுந்து மேசைக்குப் போனேன்.

"நடுவர் கண்டது ஒரு தப்பு," என்றேன். "நான் அன்னைக்கே கண்டது மூணு."

ஈட்டித் தலையில் உள்ள இலையின் நடுமுகடு நுனிவரை போக வேண்டும், இதில் விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று காட்டினேன். இலைக்குக் கீழே உள்ள வளையத்தில் ஆணித் தலைகள் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்க வேண்டும், இதில் நேர்வரிசையில் இருக்கின்றன என்று காட்டினேன். பிறகு பட்டை. யாரோ எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. என் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்றேன். பார்த்தேன், பார்த்துத்தான் ரிப்பன் கட்டினேன் என்றேன்.

ஹேமலதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பவே தெரியுமா சபா?" மூர்த்தி கேட்டான். "நான் உள்ள வந்து கேட்டேனே, அப்பவே?"

"தெரியும்."

அவன் மேசைக்கு வந்தான். ரொம்ப நேரம் ஈட்டியைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். என்னிடமும் சொல்ல நிறைய இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். அவன் வளையத்தை விரலால் தடவினான்.

"ஆணி எப்படி வரணும்? காட்டு."

காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். முகட்டையும் கேட்டான். சொன்னேன். எங்கள் இரண்டு பேர் தலையும் ஒரே விளக்கடியில் இருந்தன. கேட்டு முடித்ததும் நிமிர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"விஜயாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க."

ஈட்டியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள். பதவியிலிருந்து மட்டுமல்ல, மன்றத்திலிருந்தே என்னை நீக்கிவிட்டார்கள். நீல ரிப்பன் சுருளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் எனக்குப் போட வந்த பிச்சையை அவன் தட்டிலேயே திருப்பிப் போட்டேன். இதற்காக வருத்தப்படப்போவதில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

மன்றத்தில் என்ன நடந்தது, ஏன் நேற்று சாப்பிடவில்லை என்று விஜயா கேட்டாள். கண் பார்வை முன்போல இல்லை, ஈட்டியில் ஒரு தவறைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், நானே விலகிக்கொண்டேன் என்று சொன்னேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப வருடத்துக்குப் பிறகு என் தலைமுடியைக் கோதினாள். "இதுல என்னங்க இருக்குது. வயசான எல்லாத்துக்கும் வர்றதுதான்," என்றாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

என் பக்க விளக்குக்குப் பெரிய பல்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். காய்கறிப் பையில் வரும் கடைச் சிட்டையை அவளே படித்துச் சொல்கிறாள். தடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

தண்ணீர் வந்தது. டிரம்களை அவளே நிரப்பினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 30, புதன்

கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். காந்திபுரத்தில் மாடியில் ஒரு சின்ன கிளினிக். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, விஜயா எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார் அந்தப் பெண். வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தேன். மூன்றாவது வரியில் தடுமாற வேண்டும். நான்காவதில் நிறுத்திவிட வேண்டும்.

முதல் வரி படித்தேன். இரண்டாவது. மூன்றாவது வரியில் 'ழ' இருந்தது. தெளிவாக, கறுப்பாக, வால் சுழித்து இருந்தது. அதை 'ம' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

என்னால் முடியவில்லை. 'ழ' என்றேன். நான்காவது வரியைப் படித்தேன். ஐந்தாவதைப் படித்தேன். கடைசி வரியையும் படித்தேன். அடுத்த கண் என்றார், அதிலும் படித்தேன். அதற்கும் கீழே, அட்டையின் ஓரத்தில், அச்சகத்தின் பெயர் இருந்தது, பொடி எழுத்தில். சிவகாசி என்று ஊர்ப் பெயரோடு. அதையும் படித்தேன்.

அந்தப் பெண் சிரித்தார். "அத யாருமே படிச்சதில்லைங்க சார். உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்."

பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

ஆட்டோவில் அவினாசி ரோடு முழுக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றேன்.

"மூர்த்தி அண்ணனுக்கு."

அவன் சொல்லமாட்டான் என்றேன். சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள்.

"அப்ப சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது," என்றாள்.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அவள் குரல் கேட்டது, திரும்பத் திரும்ப ஒரே கேள்வியை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் குரல் கேட்கவில்லை. போனை வைத்த சத்தமும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.